சின்ன ஊர் பேப்பர் பத்தி ஒரு இண்டி படம்: ஸ்கிரிப்ட்ல எது பொய்யா இருக்கு?

மைக்கறை (இழை தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போறவன், இப்ப ஒரு உதவி வேணும். ஒரு லோ பட்ஜெட் படத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதிட்டு இருக்கேன். மொத்த கதையும் ஒரு சின்ன ஊர் வாரப் பத்திரிகை ஆபீஸ்லதான் நடக்குது. ஊர் பேர், நாடு எதுவும் சொல்லல, எங்க வேணா நடக்கலாம். ஓனரும் எடிட்டரும் ஒரே அம்மா, வயசு அறுபதுக்கு மேல. ஒரு இளம் ரிப்போர்ட்டர், ஒரு விளம்பர ஆள், பக்கம் போடற பொண்ணு ஒண்ணு, அவ்ளோதான் ஸ்டாஃப்.

ஊருக்கு வெளிய இருக்கற ஃபேக்டரி கழிவுத் தண்ணிய ஆத்துல விடறத ரிப்போர்ட்டர் கண்டுபிடிக்கறான், மிரட்டல் வருது, ஆபீஸ் கண்ணாடி உடையுது, கடைசில ராத்திரியோட ராத்திரியா மெஷின் ஓடுது, முதல் பக்கம் அடிச்சு வருது, ஊரே எழுந்து நிக்குது. படிச்சவங்க எல்லாரும் "நல்லா இருக்கு, ஆனா ஏற்கனவே பாத்த படம் மாதிரி இருக்கு"ன்னுட்டாங்க. எங்க பொய்யா இருக்குன்னு சொல்லுங்க. பத்திரிகைல வேலை பாத்தவங்க யாராவது இருந்தா தாராளமா திட்டலாம்.

பாப்கார்ன்_பார்ட்டி

ப்ரோ எனக்கு இது நல்லாதான் இருக்கு. பேப்பர் ஆபீஸ்ல நாலு பேர் உக்காந்து டைப் அடிக்கறத யாரு ரெண்டு மணி நேரம் பாப்பாங்க? ஒரு சதி, ஒரு வில்லன், ஒரு டெட்லைன், இது இல்லாம படம் இல்ல. கண்ணாடி உடையற சீன இன்டர்வல்ல வைங்க.

நடுராத்திரி_டெஸ்க்

நான் ஒரு சின்ன வாரப் பேப்பர்ல சப் எடிட்டரா இருந்தவன், அப்பறம் பெரிய தினசரிக்கு போயி இப்ப ரெண்டையும் விட்டாச்சு. அதனால உரிமையா சொல்றேன் தம்பி, உங்க பிரச்சனை ஃபேக்டரிதான்.

ஃபேக்டரி கெட்டது பண்ணும்னு படம் பாக்கறவனுக்கு முதல் ஷாட்லயே தெரிஞ்சிடும். யாரு வில்லன், யாரு ஹீரோ, எல்லாம் முடிவாயிடுச்சு, மிச்சம் இருக்கறது எப்ப அடிச்சு வரும்ங்கற ஒண்ணுதான். இது பெரிய நகர பேப்பர் கதை. அங்க ரிப்போர்ட்டர் எழுதறது தனக்கு தெரியாத ஆளப் பத்தி, எழுதிட்டு வீட்டுக்கு போயிடலாம், அந்த ஆள வாழ்க்கைல மறுபடி பாக்கவே வேண்டாம். சின்ன ஊர்ல அப்படி கிடையாது. புதன்கிழமை நீங்க ஒருத்தரப் பத்தி எழுதறீங்க, வியாழக்கிழமை காலைல அதே ஆள் உங்க கவுண்டர்ல வந்து நிப்பாரு, திட்டறதுக்கு கூட இல்ல, வருஷ சந்தாவ புதுப்பிக்கறதுக்கு. அவர் சம்சாரம் உங்க பொண்ணுக்கு டீச்சர். அவரோட தம்பிதான் உங்க பில்டிங் ஓனர். இதுல நீங்க என்ன முகத்த வச்சுட்டு ரசீது போடுவீங்க? அந்த ரசீது போடற ஒரு நிமிஷம்தான் சின்ன ஊர் பத்திரிகை. உங்க ஸ்கிரிப்ட்ல அது ஒரு இடத்துல கூட இல்லையே.

ரெண்டாவது, ராத்திரி ஓடற மெஷின். எந்த மெஷின்? அந்த சைஸ் பேப்பர் முக்கால்வாசி சொந்தமா பிரஸ் வச்சிருக்காது. பக்கத்த முடிச்சு பிடிஎஃப்பா மாத்தி வேற ஊர்ல இருக்கற பிரிண்டிங் பிளான்ட்டுக்கு அனுப்பிடுவாங்க, அங்க நேரா பிளேட் எடுத்து ஆஃப்செட்ல ஓட்டுவாங்க. அந்த பிளான்ட் பல பேப்பர அடிக்குது, உங்களுக்கு ஒரு ஸ்லாட் குடுத்திருக்கும். ஸ்லாட் தவறினா "மெஷின நிறுத்து"ன்னு கத்தறதுக்கு உங்களுக்கு அங்க ஆளே இல்ல, அடுத்த பேப்பர் ஏறிடும், உங்க வண்டி லேட்டு, தபால் ஆபீஸ் மூடிடும், அந்த வாரம் சந்தாதாரருக்கு ஒரு நாள் கழிச்சுதான் போகும். கிளைமாக்ஸ் உண்மைல எப்படி இருக்கும்னா, அப்லோடு நீலக்கோடு தொண்ணூத்தி எட்டு பர்சென்ட்ல நிக்கும், ரூம்ல இருக்கற எல்லாரும் அதையே பாத்துட்டு நிப்பாங்க. அத சுவாரசியமா எடுக்க முடிஞ்சா நீங்க டைரக்டர்.

பாப்கார்ன்_பார்ட்டி

> அப்லோடு நீலக்கோடு தொண்ணூத்தி எட்டு பர்சென்ட்ல நிக்கும்

அண்ணே இத தியேட்டர்ல போட்டா எவனும் உக்கார மாட்டான்.

ஓரக்கண்

டெஸ்க் அண்ணன் சொன்னதுக்கு ஒரு நிஜ உதாரணம் இருக்கு. அமெரிக்கால கான்சாஸ் மாநிலம், மேரியன்னு சுமார் 1,900 பேர் இருக்கற ஊரு. மேரியன் கவுண்ட்டி ரெக்கார்டுன்னு ஒரு வாரப் பேப்பர். 2023 ஆகஸ்ட் 11 அன்னிக்கு ஊர் போலீஸ் அந்த ஆபீஸ்லயும் பப்ளிஷர் வீட்லயும் ரெய்டு விட்டு கம்ப்யூட்டர், போன் எல்லாத்தையும் அள்ளிட்டு போச்சு. பப்ளிஷரோட அம்மா ஜோன் மேயர், வயசு 98, பேப்பரோட பங்குதாரர், அவங்க வீட்டுக்குள்ள போலீஸ் நிக்கறப்ப "என் வீட்ட விட்டு வெளிய போ"ன்னு சத்தம் போடற வீடியோ எல்லாரும் பாத்தது. அடுத்த நாளே இறந்துட்டாங்க.

இந்த அளவு எல்லாருக்கும் தெரியும். ஆனா ஸ்கிரிப்ட் எழுதறவங்க பாக்க வேண்டியது இதுக்கு முன்னாடி நடந்தது. ஒரு உள்ளூர் ரெஸ்டாரண்ட் ஓனரோட பழைய டிரைவிங் கேஸ் பத்தி பேப்பருக்கு ஒரு துப்பு வருது. ரிப்போர்ட்டர் மாநில அரசோட வெப்சைட்லயே தேடி சரிதான்னு உறுதி பண்றாங்க. உண்மைன்னு தெரிஞ்சிடுச்சு. ஆனாலும் *போடல*. ஏன்னா துப்பு குடுத்தது யாரோ குடும்பத் தகராறுல தங்கள கருவியா பயன்படுத்தறாங்களோன்னு பப்ளிஷருக்கு சந்தேகம். போடாம விட்டதோட நிக்காம போலீசுக்கும் தகவல் சொல்லியிருக்காங்க. அப்பறம் அந்த ஓனரே கவுன்சில் கூட்டத்துல எழுந்து பேப்பர் மேல குத்தம் சொன்ன பிறகுதான் அதப் பத்தி எழுதினாங்க. ரெய்டுக்கு போலீஸ் சொன்ன காரணம் அந்த வெப்சைட் தேடல்தான், ஆள்மாறாட்டம் பண்ணி தகவல் எடுத்தாங்கன்னு.

அதாவது பேப்பர் பண்ணின வேலை ஒரு செய்திய சரிபாத்துட்டு வேண்டாம்னு வச்சது. ஒரு எடிட்டர் கைல உண்மையான தகவல வச்சுட்டு "இத நம்ம கைல குடுத்தது யாரு, ஏன் குடுத்தான்"னு யோசிச்சுட்டு உக்காந்திருக்கற சீன் எந்த படத்துலயாவது பாத்திருக்கீங்களா? நான் பாக்கல.

மைக்கறை

இது நான் யோசிக்கவே இல்ல ஓரக்கண். ரெய்டு செய்தி மட்டும்தான் படிச்சிருந்தேன். கம்ப்யூட்டர் எல்லாம் போனப்பறம் அந்த வார பேப்பர் வந்துச்சா?

ஓரக்கண்

வந்துச்சு. பழைய கம்ப்யூட்டர தேடி எடுத்து, ராத்திரி முழுக்க உக்காந்து, விளம்பரத்தையே மறுபடி டிசைன் பண்ணி புதன்கிழமை கொண்டு வந்தாங்க. "பறிமுதல் பண்ணிட்டாங்க, வாய மூடிடல"ங்கற மாதிரி பெரிய எழுத்துல தலைப்பு. அதே புதன்கிழமை கவுண்ட்டி அட்டர்னி (நம்ம ஊர் மாவட்ட அரசு வக்கீல் மாதிரி) வாரன்ட்டுக்கு போதுமான ஆதாரம் இல்லன்னு வாபஸ் வாங்கிட்டாரு. போலீஸ் சீஃப் அக்டோபர்ல ராஜினாமா. இன்னொரு விஷயம், அந்த சீஃப் முன்னாடி வேலை பாத்த இடத்துல எப்படி இருந்தாருன்னும் பேப்பர் விசாரிச்சுட்டு இருந்துச்சு, அதையும் அப்ப வரைக்கும் போடல, பேர் சொல்லி பேச யாரும் முன்வரலங்கற காரணத்துக்காக.

பாப்கார்ன்_பார்ட்டி

பாத்தீங்களா!! ரெய்டு, 98 வயசு பாட்டி, ராத்திரி முழுக்க வேலை, தலைப்பு. நான் சொன்ன படம்தான் நிஜத்துலயே நடந்திருக்கு. உண்மை போரடிக்கும்னு சொன்னவங்க எல்லாம் வரிசைல வாங்க.

நடுராத்திரி_டெஸ்க்

போரடிக்கும்னு சொன்னது நீங்கதான் சார், நான் இல்ல 😄. ரெய்டு வேண்டாம்னு நான் சொல்லல. ரெய்டுக்கு முன்னாடி உங்க எடிட்டரம்மா ஒரு செய்திய கைல வச்சு யோசிக்கற சீன் இருந்தாதான் ரெய்டு வலிக்கும், இல்லன்னா அது வெறும் கதவு உடையற சத்தம்.

கணக்குப்பிள்ளை_2

எல்லாரும் துணிச்சல் பத்தியே பேசறீங்க, துட்டு பத்தி ஒருத்தரும் பேசல. நான் பத்திரிகைக்காரன் இல்ல, கணக்கு பாத்தவன். ஒரு பேப்பர மிரட்ட கண்ணாடிய ஒடைக்கறவன் முட்டாள். விவரம் தெரிஞ்சவன் ஒரு போன் கூட பண்ண மாட்டான், விளம்பரத்த மட்டும் நிறுத்துவான்.

அதுலயும் முக்கியமானது பொது அறிவிப்பு. டெண்டர், ஏலம், வரி, சட்ட நோட்டீஸ் இதெல்லாம் பேப்பர்ல போடணும்னு அமெரிக்கால சட்டமே இருக்கு, சின்ன பேப்பருக்கு அது மாசச் சம்பளம் மாதிரி நிலையான வருமானம். யாருக்கு அத குடுக்கறதுன்னு முடிவு பண்றது யாரு? எந்த கவுன்சில பத்தி நீங்க எழுதறீங்களோ அதே கவுன்சில். நியூயார்க் மாநிலத்துல டெலவேர் கவுண்ட்டின்னு ஒரு இடம், அங்க தி ரிப்போர்ட்டர்ங்கற வாரப் பேப்பர்கிட்ட இருந்து நோட்டீஸ புடுங்கி வேற பேப்பருக்கு குடுத்துட்டாங்க, எங்கள பத்தி எழுதின விதம் பிடிக்கலங்கறத லெட்டராவே எழுதியும் குடுத்தாங்க. பேப்பர் 2023ல கேஸ் போட்டுச்சு.

உங்க படத்துல விளம்பர ஆள் ஒருத்தன் இருக்கான்னு சொன்னீங்க. அவன் என்ன பண்றான் கதைல? காமெடியா?

மைக்கறை

காமெடிதான் 😐

கணக்குப்பிள்ளை_2

நெனச்சேன்.

சாய்வு_எழுத்து

கணக்குப்பிள்ளைக்கு ஒரு பிளஸ். இதுல பழைய உதாரணம் ஹேசல் பிரானன் ஸ்மித். மிசிசிப்பில லெக்சிங்டன் அட்வர்டைசர் பேப்பரோட ஓனர் எடிட்டர். 1954ல ஷெரிஃப் ஒரு கறுப்பின இளைஞர சுட்டத எழுதினாங்க, ஷெரிஃப் மானநஷ்ட கேஸ் போட்டாரு, கீழ் கோர்ட்ல ஜூரி 10,000 டாலர் குடுக்கணும்னுச்சு, அடுத்த வருஷம் மாநில சுப்ரீம் கோர்ட் அத தள்ளிடுச்சு. கேஸ்ல ஜெயிச்சாங்க, ஆனா ஊர்ல வெள்ளைக்கார நிறவெறி கவுன்சில் ஆளுங்க சேர்ந்து விளம்பரத்த நிறுத்தி, அதே ஊர்ல போட்டியா ஒரு பேப்பரே ஆரம்பிச்சுட்டாங்க. 1964ல தலையங்கத்துக்கு புலிட்சர் கிடைச்சுச்சு, அந்த பிரிவுல வாங்கின முதல் பெண் அவங்கதான். பரிசு கடன அடைக்கல. வருஷக்கணக்கா கடன்லயே ஓட்டி 1980கள்ல பேப்பர் கைய விட்டு போச்சு.

இதுல மைக்கறை கவனிக்க வேண்டியது, இந்த அம்மா ஆரம்பத்துல சமத்துவத்துக்கு போராடின ஆள் கிடையாது. கறுப்பினத்தவங்கள தனியா பிரிச்சு வைக்கறது சரிதான்னு எழுதினவங்க. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுங்கற ஒரே ஒரு பிடிவாதம் அவங்கள கொஞ்சம் கொஞ்சமா வேற பக்கம் கொண்டு வந்துச்சு, ஊர் அவங்கள தள்ளத் தள்ள அவங்க இன்னும் தள்ளிப் போனாங்க. உங்க அறுபது வயசு எடிட்டரம்மா முதல் சீன்லயே நேர்மைச் சிகரமா நிக்கறாங்களா?

மைக்கறை

நிக்கறாங்க. முதல் சீன்ல ஒரு கவர திருப்பிக் குடுக்கறாங்க. இப்ப இத டைப் பண்றப்பவே வெக்கமா இருக்கு.

நடுராத்திரி_டெஸ்க்

அத தூக்குங்க. அதுக்கு பதிலா அவங்க முப்பது வருஷமா எது எத போடாம விட்டாங்கன்னு யோசிங்க. எல்லா சின்ன பேப்பர் எடிட்டர்கிட்டயும் ஒரு டிராயர் இருக்கும், நிஜ டிராயரோ மனசுல இருக்கற டிராயரோ. ஒருத்தன் குடிச்சுட்டு மாட்டினது, அவங்க அம்மா வந்து அழுததால விட்டது. ஒரு கான்ட்ராக்டர் ரோடு போட்ட லட்சணம், கால் பக்க விளம்பரம் போயிடும்னு விட்டது. முதலாவது இரக்கம், ரெண்டாவது கோழைத்தனம், ஆனா ரெண்டும் ஒரே டிராயர்ல கிடக்கும், வருஷம் போகப் போக எது எதுன்னு அவங்களுக்கே பிரிச்சு சொல்ல வராது. மேரியன்ல செய்திய போடாம விட்டது நேர்மை. அதே "போடாம விடறது" இன்னொரு ஊர்ல வியாபாரம். ரெண்டும் வெளிய இருந்து பாத்தா ஒரே மாதிரி இருக்கும். உங்க படம் இதுக்குள்ளதான் இருக்குன்னு எனக்கு தோணுது.

இளம் ரிப்போர்ட்டர் விஷயத்துலயும் ஒண்ணு. அவன் அந்த ஊர்ல இருக்கப் போறவன் இல்ல. சின்ன பேப்பர்ல கொஞ்ச நாள் இருந்து தான் எழுதின செய்தியோட கட்டிங்க சேத்துட்டு பெரிய பேப்பருக்கு போவான், நானும் அப்படி போனவன்தான். அவனுக்கு இந்த ஸ்டோரி ஒரு டிக்கெட்டு. அவங்களுக்கு இது சாகற வரைக்கும் வாழப் போற ஊரு. "போடலாம் மேடம்"னு அவன் சொல்றப்ப விலை குடுக்கறது அவன் இல்ல.

பாப்கார்ன்_பார்ட்டி

ஓகே இது நல்லா இருக்கு. ஒத்துக்கறேன். ஆனா ஒரு பயம் வேணும்ல, ஆபத்து வேணும்ல. டிராயர்ல என்ன ஆபத்து?

ஓரக்கண்

ஆபத்து வேணும்னா அதுக்கும் பஞ்சமில்ல. கென்டக்கி மலைல வைட்ஸ்பர்க்ங்கற ஊர்ல தி மவுன்டன் ஈகிள்னு ஒரு வாரப் பேப்பர், டாம் கிஷ், பேட் கிஷ்னு கணவன் மனைவி நடத்தினது. நிலக்கரிச் சுரங்கம், பள்ளிக்கூட போர்டு, போலீஸ், யாரையும் விடல. பேப்பர் தலைல "அது அலறும்"னு போட்டிருக்கும். 1974ல ஆபீசுக்கு தீ வச்சாங்க, அதுல ஒரு உள்ளூர் போலீஸ்காரருக்கே பங்கு இருந்துச்சு. அடுத்த இதழ் வந்துச்சு, தலைல "இன்னும் அலறுது".

சமீபத்துல 2023ல ஒக்லஹோமால மெக்கர்டெயின் கவுண்ட்டி, அங்க கவுண்ட்டி நிர்வாகத்த நடத்தற கமிஷனர்ங்க மீட்டிங் முடிஞ்சப்பறமும் உள்ள உக்காந்து சட்டவிரோதமா கூட்டம் நடத்தறாங்கன்னு உள்ளூர் பேப்பர் பப்ளிஷருக்கு சந்தேகம், ரெக்கார்டர அந்த ரூம்லயே விட்டுட்டு வந்துட்டாரு. கேட்டா ஷெரிஃபும் மத்த அதிகாரிங்களும் சேர்ந்து அவரையும் அவர் பையனையும் (அவரும் ரிப்போர்ட்டர்தான்) கொல்றது பத்தி பேசிட்டு இருக்காங்க. ஒரு கமிஷனர் ராஜினாமா பண்ணினாரு.

ஆனா பாப்கார்ன், இந்த ரெண்டுலயும் மிரட்டினவங்க முகம் தெரியாத கார்ப்பரேட் இல்ல, ஊர்க்காரங்க. அந்த ரெக்கார்டர்ல வர்ற ஒவ்வொரு குரலும் யாருதுன்னு கேட்ட உடனே சொல்லத் தெரியும். அதான் பயம்.

பாப்கார்ன்_பார்ட்டி

ரெக்கார்டர் சீன் வேற லெவல். ஒரு ரூம், ஒரு டேப், ரெண்டு முகம். செலவே இல்ல. மைக்கறை இத எடுத்துக்கோங்க.

சாய்வு_எழுத்து

அப்படியே தூக்கி வைக்காதீங்க, அது வாழ்ந்துட்டு இருக்கற மனுஷங்களோட கதை. ரெக்கார்டர விட்டுட்டு வர்ற ஐடியா பொதுவானது, அதுல என்ன கேக்குதுங்கறத நீங்களா யோசிங்க.

இந்த இடத்துல "ரைட்டிங் வித் ஃபயர்" டாக்குமென்டரி பத்தி சொல்லணும். டிராமா இல்லதான், ஆனா உங்களுக்கு வேண்டிய பாடம் அதுல இருக்கு. உத்தரப் பிரதேசம் சித்ரகூட்ல 2002ல ஆரம்பிச்ச கபர் லஹரியா, பெண்களே நடத்தற பத்திரிகை, பேப்பர்ல இருந்து ஸ்மார்ட்போனுக்கு மாறறத படம் பின்தொடருது. சன்டான்ஸ்ல 2021ல விருது, 2022ல ஆஸ்கார் நாமினேஷன் வரைக்கும் போச்சு. ஆஸ்கார் விழாவுக்கு கொஞ்ச நாள் முன்னாடி கபர் லஹரியாவே ஒரு அறிக்கை விட்டாங்க. படம் வலுவா இருக்கு, ஆனா நாங்க ஒரே ஒரு கட்சியப் பத்தி மட்டும் எழுதற மாதிரி காட்டியிருக்கு, அது சரியில்லன்னு.

படம் எடுக்கறவங்களுக்கு ஒரு முதுகெலும்பு வேணும், அதனால ஒரு இழைய எடுத்துப்பாங்க, அதுல தப்பில்ல. ஆனா உள்ளூர் பத்திரிகையோட இயல்பே எல்லாத்தையும் எழுதறது. அதே கையால கொலையும் எழுதணும், ஸ்கூல் பரிசளிப்பும் எழுதணும். உங்க ரிப்போர்ட்டர் படம் முழுக்க அந்த ஃபேக்டரி ஃபைலயே தூக்கிட்டு திரியறான்னா அவனுக்கு பேப்பர்ல வேலையே இல்லன்னு அர்த்தம்.

லைட்_டேபிள்

நான் கேமரா சைடு ஆள். கதை பத்தி நீங்க பேசிக்கோங்க, நான் எடுக்கற விஷயம் ஒண்ணு மட்டும் கேக்கறேன். கதை எந்த காலத்துல நடக்குது? இத முடிவு பண்ணாம பட்ஜெட் போட முடியாது.

இன்னிக்கு நடக்குதுன்னா ஆபீஸ்ல பாக்க ஒண்ணும் இல்ல, மானிட்டர் வெளிச்சத்துல நாலு முகம். சவுண்டும் கிடையாது, கீபோர்டு, ஏசி, அவ்ளோதான். போலீஸ் வயர்லெஸ் ஸ்கேனர் ஒண்ணு ஓரமா கரகரன்னு ஓடிட்டே இருக்கும்னு வைக்கலாம், ஆனா இப்ப பல ஊர் போலீஸ் அத என்க்ரிப்ட் பண்ணிட்டாங்க, ஸ்கேனர் வாங்கினாலும் ஊமைதான்.

ஈய எழுத்து காலம்னா லைனோடைப் மெஷின் வேணும், உருக்கின ஈயத்துல வரி வரியா எழுத்த வார்க்கறது. நியூயார்க் டைம்ஸ்லயே 1978 ஜூலையோட அது போச்சு. கொலராடோல சவாச்சி கிரசென்ட்னு ஒரு குட்டிப் பேப்பர் பல வருஷம் லைனோடைப்லயே விடாம ஓட்டிட்டு இருந்ததால பேர் வாங்குச்சு. அவ்ளோ அபூர்வமான மெஷின வாடகைக்கு எடுக்கறத மறந்துடுங்க.

நான் கேட்டா நடுவுல போகச் சொல்லுவேன், எழுபதுகள் கடைசில இருந்து எண்பதுகள் வரைக்கும். போட்டோ டைப்செட்டர்ல இருந்து பத்தி பத்தியா (column) எழுத்து பிரிண்ட் ஆகி வரும், பின்னாடி மெழுகு தடவி, கத்தியால வெட்டி பக்கத்துல ஒட்டுவாங்க. மெழுகுங்கறதால எடுத்து எடுத்து மறுபடி ஒட்டலாம். அடில இருந்து வெளிச்சம் வர்ற டேபிள்ல வேலை, முகத்துக்கு கீழ இருந்து லைட்டு, கேமராக்காரனுக்கு இதவிட என்ன வேணும். அத விட முக்கியம், ஒரு செய்திய எடுக்கறதா வைக்கறதாங்கற முடிவ டயலாக் இல்லாம காட்டலாம். கத்தி முனைல அந்த துண்டத் தூக்கறாங்க, திரும்ப வைக்கறாங்க. கம்ப்யூட்டர்ல அது வெறும் டெலீட் பட்டன்.

நடுராத்திரி_டெஸ்க்

ஒட்டற காலத்துல அவசரத்துல தப்பு கண்டுபிடிச்சா ஒரே ஒரு எழுத்த தனியா வெட்டி மேல ஒட்டுவாங்க, பக்கம் பிளான்ட்டுக்கு போற வழில அது உதுந்துடும். அச்சாகி வர்றப்ப ஓட்டையா இருக்கும். உங்க பக்கம் போடற பொண்ணுக்கு இது பெரிய பயமா இருக்கட்டும்.

காலம் மாத்தினா இன்னொரு லாபம், அப்ப பேப்பர் நல்லா சம்பாதிச்ச காலம். இன்னிக்கு வச்சா படம் வேற ஒண்ணா மாறிடும், பேப்பர் சாகுதுங்கற படம். அமெரிக்கால மட்டும் 2005ல இருந்து மூணுல ஒரு பங்குக்கு மேல பேப்பர் மூடியாச்சு, உள்ளூர் செய்திக்கு எந்த வழியும் இல்லாத கவுண்ட்டி 200க்கு மேலன்னு நார்த்வெஸ்டர்ன் யுனிவர்சிட்டில வருஷா வருஷம் கணக்கு எடுக்கறாங்க. மூடாதது பலதும் பேருக்குத்தான் இருக்கு, ஒரு பெரிய கம்பெனி வாங்கி ஆளெல்லாம் எடுத்துட்டு வெளியூர் செய்திய போட்டு ரொப்பறது. அதுவும் நல்ல படம்தான். ஆனா ரெண்டு படத்த ஒரு படத்துல வைக்காதீங்க.

பிழைதிருத்தி_அக்கா

இவ்ளோ பேசறீங்க, மரண அறிவிப்பு பத்தி ஒருத்தரும் வாயத் திறக்கல. சின்ன பேப்பர்ல ஜனங்க முதல்ல பிரிக்கறது அந்தப் பக்கத்ததான், தலையங்கத்த எவனும் படிக்கறதில்ல. அதுல ஒரு பேர் தப்பா போனா, ஒரு மருமகன் பேர் விட்டுப் போனா, ஊழல் செய்திக்கு வராத கூட்டம் ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கும். நான் அந்தப் பக்கத்த வருஷக்கணக்கா பாத்தவ. துக்கத்துல இருக்கறவங்க கையெழுத்த படிச்சு, போன்ல கூப்பிட்டு, அழுகைக்கு நடுவுல "பேர்ல இந்த எழுத்து வருமா அந்த எழுத்து வருமா"ன்னு கேக்கணும். கேக்கறதுக்கு நாக்கு கூசும், கேக்காம போட்டா அதவிட பெரிய பாவம்.

மைக்கறை தம்பி, உங்களுக்கு ஒரு சீன் சொல்றேன், எடுத்துக்கோங்க. யாரப் பத்தி செய்தி எழுதறாங்களோ அந்த ஆளோட அப்பா அதே வாரம் இறந்துடறாரு. அவர் ஆபீசுக்கு வந்து அறிவிப்பு குடுக்கணும், ஊர்ல வேற பேப்பர் கிடையாது. எடிட்டரம்மா அவர எதிர்ல உக்கார வச்சு அவங்க அப்பாவப் பத்தி ஒவ்வொண்ணா கேட்டு எழுதறாங்க. பக்கத்து ரூம்ல அவரப் பத்தின செய்தி பக்கத்துல ஒட்டி ரெடியா இருக்கு. அவருக்கும் அது தெரியும். ரெண்டு பேரும் அதப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது.

மைக்கறை

அக்கா 🙏 ரெண்டு மணி நேரமா இத படிச்சுட்டு எழுந்து நடந்துட்டு இருக்கேன். ஒரு சந்தேகம் மட்டும், அந்த வாரம் செய்திய போடலாமா? நிஜத்துல என்ன பண்ணுவாங்க?

பிழைதிருத்தி_அக்கா

ஒரு வாரம் தள்ளுவாங்கன்னு நெனைக்கறேன். தள்ளினா அந்த ரிப்போர்ட்டர் பையன் சும்மா இருக்க மாட்டான்ல.

நடுராத்திரி_டெஸ்க்

அவன் "நாம தள்ளினா வேற யாராவது போட்டுடுவாங்க"ன்னு சொல்லுவான். அவங்க "ஊர்ல வேற யாரு இருக்கா"ன்னு கேப்பாங்க. தள்ளறது இரக்கமா, இல்ல விளம்பரம் போயிடும்னா? அவங்களுக்கே தெரியக் கூடாது. டிராயர் ஞாபகம் இருக்குல்ல.

மைக்கறை

சரி, இதுவரைக்கும் பேசினத வச்சு மாத்தி யோசிச்சது இது. ஃபேக்டரி அவுட். காலம் எண்பதுகள் ஆரம்பம். செய்தி சின்னது: ஊர்ல எல்லாருக்கும் பிடிச்ச ஒரு கவுன்சில் மெம்பர், பொதுப்பணத்துல ஒரு கணக்கு இடிக்குது, பெரிய தொகை கூட இல்ல. அவருக்கு சொந்தமா ஊர்லயே பெரிய கடை, பேப்பரோட பெரிய விளம்பரதாரர் அவர்தான். துப்பு குடுத்தவன் அடுத்த எலக்ஷன்ல அவருக்கு எதிரா நிக்கப் போறவன், அது எடிட்டருக்கு பாதி படத்துல தெரிய வருது. அப்பா சாவு அதுக்கப்பறம். ரெக்கார்டர் இல்ல, தீ இல்ல, கண்ணாடி உடையல. பாப்கார்ன் மன்னிச்சுக்கோங்க.

எனக்கு இப்ப சிக்கறது மூணாவது பகுதி. எல்லாம் மனசுக்குள்ளயே நடக்குது, வெளிய ஒரு நெருக்கடி வேணும். கடிகாரம் மாதிரி ஒண்ணு.

பாப்கார்ன்_பார்ட்டி

மன்னிச்சாச்சு. ஆனா கடிகாரம் கண்டிப்பா வேணும், அதுல நான் விட்டுக் குடுக்க மாட்டேன்.

கணக்குப்பிள்ளை_2

கடிகாரம் என்கிட்ட இருக்கு. பக்கத்த நாலு நாலாதான் கூட்ட முடியும் குறைக்க முடியும், ஒரு தாள மடிச்சா நாலு பக்கம். எத்தன பக்கம்ங்கறத முடிவு பண்றது செய்தி இல்ல, விளம்பரம். பன்னெண்டு பக்கத்துக்கு விளம்பரம் இருந்தா பன்னெண்டு பக்கம், இல்லன்னா எட்டு. பத்துல நிறுத்தறது ரொம்ப அபூர்வம், நடுவுல தனித்தாள் சொருகணும்.

கடைக்காரர் கடைசி நாள் மத்தியானம் விளம்பர ஆளுக்கு போன் பண்ணி "இந்த வாரம் வேண்டாம்பா"ன்னு மெதுவா சொல்றாரு. மிரட்டல் கிடையாது, துக்க வீடு, காரணம் கூட நியாயமா இருக்கு. அவரோட ஒரு முழுப் பக்கம் போனா பன்னெண்டு நிக்காது, எட்டுக்கு இறங்கணும். ஏற்கனவே ஒட்டி முடிச்ச பக்கத்துல அவர் விளம்பரம் போக இன்னும் மூணு பக்க விஷயம் வெளிய போகணும், பிளான்ட் ஸ்லாட்டுக்கு சில மணி நேரம்தான் இருக்கு. காமெடின்னு சொன்னீங்களே அந்த விளம்பர ஆள், அவன்தான் உள்ள வந்து இத சொல்லணும்.

லைட்_டேபிள்

அய்யோ இது சூப்பர். மெழுகு ஒட்டின பக்கம் எல்லாம் டேபிள் மேல பரப்பி இருக்கு, ஒவ்வொண்ணா உரிக்கறாங்க. ஒரே டேக்ல எடுக்கலாம்.

பிழைதிருத்தி_அக்கா

ஸ்கூல் பிள்ளைங்க போட்டோ முதல்ல போகும். அப்பறம் விளையாட்டு. வெளியூர்ல இருந்து வந்து தங்கிட்டு போனவங்க பத்தி கிராமத்து நிருபர் பாட்டி எழுதற பத்தி இருக்கும், அத எடுத்தா பாட்டி நேர்ல வந்துடுவாங்க. மரண அறிவிப்பு மட்டும் எடுக்கவே முடியாது, காசு வாங்கியாச்சு.

நடுராத்திரி_டெஸ்க்

அப்ப மிச்சம் இருக்கற எட்டுப் பக்கத்துல அப்பாவோட அறிவிப்பு கண்டிப்பா இருக்கும், பையனப் பத்தின செய்திக்கு இடம் இருக்கா இல்லையாங்கறதுதான் கேள்வி. வேணும்னா "இடமில்ல"ன்னு சொல்லி தப்பிச்சுக்கலாம், யாரும் கேள்வி கேக்க முடியாது. முடிவ எழுதறதுக்கு முன்னாடி அந்த எட்டுப் பக்கத்தையும் நிஜமாவே ஒரு தாள்ல கட்டம் போட்டு வரைஞ்சு பாருங்க தம்பி, எந்த பக்கத்துல எந்த விளம்பரம், எத்தன பத்தி (column) இடம் மிச்சம்னு. டம்மி போடாம எந்த எடிட்டரும் முடிவெடுக்க மாட்டாங்க.

மைக்கறை

கட்டம் போட்டுட்டு இருக்கேன் அண்ணே. அஞ்சாம் பக்கத்துல ரெண்டு பத்தி இடம் இடிக்குது. கணக்குப்பிள்ளை சார், பொது நோட்டீஸ உள்பக்கத்துல எங்க வேணா தள்ளலாமா, இல்ல அதுக்கு குறிப்பிட்ட பக்கம்னு ஏதாவது இருக்கா?

கணக்குப்பிள்ளை_2

உள்பக்கம் எங்க வேணா வைக்கலாம், ஆனா தேதி தவறக் கூடாது. இந்த வாரம் வரணும்னு இருந்தா இந்த வாரம் வந்தே ஆகணும், இல்லன்னா கவுன்சிலுக்கு உங்கள கழட்டிவிட சாக்கு கிடைச்சிடும். டம்மிய போட்டோ எடுத்து இங்கயே போடுங்க, பாத்துடலாம்.